நந்தவனச் சோலார் விளக்குத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சுவாமி அருளால் நந்தவனத்தின் 24 சோலார் விளக்குகளில், கழித்த இரண்டு போக மற்ற 22 விளக்குகளும் இப்போது எரிகின்றன. அர்த்தசாம பூஜை முடிந்து கிணற்றுப் பக்கம் போகிறவர்கள் இனி டார்ச் எடுத்துப் போக வேண்டாம்.

வேலை தொடங்கியபோது எரிந்தவை ஏழுதான். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்று பொதுக்கூட்டத்தில் பலர் சொன்னீர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கக் குழு அவகாசம் கேட்டது நல்லதாகப் போயிற்று. உபயதாரர்கள் கொடுத்த விளக்குகளில் இரண்டை மட்டுமே கழிக்க நேர்ந்தது. அவற்றில் மழைத்தண்ணீர் இறங்கி எல்.இ.டி. பலகையே அரித்துப்போயிருந்தது.

வேப்பமரத்தடியில் இருந்த ஐந்துக்கு ஒரு பழுதும் இல்லை. பேனல் மேல் புறா எச்சமும் புழுதியும் அப்பிக் கிடந்தன. ஈரத்துணி போட்டு ஊறவைத்துத் துடைத்தோம். இரண்டை மட்டும் கிளை நிழலுக்கு வெளியே தள்ளி நட்டோம். பேனலின் ஓரத்தில் நிழல் விழுந்தால்கூட சார்ஜ் ஏறுவது வெகுவாகக் குறைந்துவிடும்.

எங்களை நான்கு நாள் அலைய வைத்தது மாலை கட்டும் மண்டபத்துப் பக்கத்து விளக்குதான். பேட்டரி சரி, பேனல் சரி, ஆனால் இரவில் எரியாது. கடைசியில் பேனலை ஒரு தாம்பாளத்தால் மூடியதும் சட்டென்று எரிந்தது! இந்த விளக்கில் இருட்டை அறிவதும் அந்தப் பேனல்தான். மண்டபத்து டியூப் லைட் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் அதற்குப் பொழுது எங்கே சாயும்? பத்தடி தள்ளி நட்டோம்.

மீதி ஒன்பதில் பேட்டரி போய்விட்டது. இரண்டு மூன்று வருடத்தில் அது போவது வழக்கம்தான். ஒன்றைத் திறந்தால் உள்ளே எறும்புகள் முட்டையோடு குடியிருந்தன. முனைகளில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தோம். நம் விளக்குகளுக்கு உரியது 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். அதே உருவில் 3.7 வோல்ட் செல்லும் கடையில் கிடைக்கிறது. அதை மாற்றிப் போடக் கூடாது. 3.2 செல் முழுச் சார்ஜில் 3.65 வோல்ட் வரை போகும், மற்றது 4.2 வரை. முதலில் நாங்கள் தவறாக வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். ஒரு வாரத் தாமதத்துக்கு அதுதான் காரணம், பொறுத்தருள வேண்டும்.

மூடி விளிம்புகளில் சிலிக்கான் பசை தடவியிருக்கிறோம். அடியிலுள்ள சிறு துளையை யாரும் அடைத்துவிட வேண்டாம். உள்ளே கோக்கும் நீர் வடிவது அதன் வழியாகத்தான்.

அப்புறம், ஐப்பசி அடைமழையில் நாலைந்து நாள் வெயில் இல்லாவிட்டால் விளக்குகள் நள்ளிரவுக்கு முன்பே அணைந்துவிடும். அது பழுதல்ல. வெயில் வந்து இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பிரதோஷத்துக்கு முதல் நாள் காலையில், வெயில் ஏறுமுன் பேனல்களைத் துடைக்கும் கைங்கரியத்தைப் பூப்பறிக்கும் அம்மாக்கள் ஏற்றிருக்கிறார்கள். பழைய செல்களைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிட்டோம். ரசீதுகள் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கின்றன. மாற்றுக்கு இரண்டு செல்கள் அலமாரியின் மேல்தட்டில், 3.2 என்று எழுதி ஒட்டிய டப்பாவில் உள்ளன.

இப்படிக்கு,
நந்தவனத் திருப்பணிக் குழு