நிறுத்தும் தேதியோடு தொடங்கும் தேதியையும் எழுதிக் கொடுங்கள்

அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும், மயக்க மருந்து மருத்துவர்களுக்கும், இதய மருத்துவர்களுக்கும் வணக்கம்.

"ஆபரேஷனுக்கு அஞ்சு நாள் முன்னாடி ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரையை நிறுத்திடுங்க." இந்த ஒரே வரியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் குடும்பங்களின் சார்பில் எழுதுகிறேன்.

அந்த வகையில் வார்ஃபாரின் என்ற மாத்திரைக்கு அந்தக் கணக்கு சரி. அதன் வேகம் மெதுவாகத்தான் இறங்கும். அதனால்தான் முந்தின நாள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) 1.5-க்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்க்கிறீர்கள். ஆனால் அதே வேலைக்குக் கொடுக்கும் புதிய மாத்திரைகளான அபிக்ஸாபானும் ரிவரோக்ஸாபானும் வேறு. சிறுநீரகம் நன்றாக இருந்தால், ரத்தக்கசிவு அபாயம் குறைந்த சிகிச்சைக்கு முன்பு ஒரு நாளும், கூடுதலானதற்கு இரண்டு நாளும் விட்டால் பெரும்பாலும் போதும். ஐந்து நாள் விட்டால் பக்கவாத அபாயம்தான் வீணாக நீளும். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த புதிதில், அதில் ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெல்லையும் ஆஸ்பிரினையும் சேர்த்து நிறுத்தினாலோ ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். ஆக, எந்த மாத்திரை என்று பெயரை எழுதாத அறிவுரை ஆபத்தானது.

மாத்திரை இல்லாத இடைப்பட்ட நாட்களுக்கு, ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி வேண்டுமா என்பதையும் விளக்குங்கள். 2015-இல் வெளிவந்த பிரிட்ஜ் ஆய்வில், இதயத் துடிப்புக் கோளாறுக்காக வார்ஃபாரின் எடுத்தவர்களில் ஊசி போடாதவர்களுக்கு ரத்தக்கட்டி கூடவில்லை. பெரிய ரத்தக்கசிவு ஊசி போட்டவர்களில் 3.2 சதவீதம், போடாதவர்களில் 1.3. இதயத்தில் உலோக மைட்ரல் வால்வு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. யார் எந்த வகை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது டிஸ்சார்ஜ் சம்மரிதான். ஆன்டிபயாடிக் இருக்கும், வயிற்றுக்கு ஒரு மாத்திரை இருக்கும், வலிக்கு டைக்ளோஃபெனாக் இருக்கும். வார்ஃபாரின் இருக்காது. கடைசியில் "பழைய மருந்துகளைத் தொடரவும்" என்று ஒரு வரி. நிறுத்தச் சொன்னதும் அந்தப் பழைய மருந்துகளில் சேர்த்தியா? வார்ஃபாரினோடு அந்த வலி மாத்திரை சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடுமே? இதய மருத்துவரைக் கேட்டால் "புண்ணைப் பார்த்தவரைக் கேளுங்கள்" என்கிறார். அவரோ இவரிடமே திருப்பி அனுப்புகிறார். அலைந்து முடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடுகிறது.

மூவரும் கலந்து பேசி ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: மருந்தின் பெயர், கடைசி மாத்திரை எந்தத் தேதி, காலையா இரவா, மறுபடி எந்தத் தேதியில் எவ்வளவு, சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது. புண்ணில் கசிவு நிற்காமல் தேதி தள்ளினால், புதுத் தேதியைக் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். ஆபரேஷனையே தள்ளிவைத்தால், மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பவருக்கு அன்றைக்கே போன் செய்து, மறுபடி போட வேண்டுமா என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்