முழங்கால் எண்ணெயும் மூன்று மாதக் கெடுவும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள சிவம்,

உமது கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி இரண்டு வாரத்தில் அடியோடு நீங்கும் என்ற முகநூல் விளம்பரத்தை நம்பி உமது தங்கை எண்ணெய்ப் போத்தல்கள் வாங்கி ஏமாந்ததை வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வலியோடிருப்பவரின் நம்பிக்கையை விற்றுப் பிழைப்பதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று நான் ஏற்கமாட்டேன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை பற்றிய 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதன் 30ஆம் பிரிவு, வணிகர் எவரும் நுகர்வோரைத் தவறாக எண்ணச் செய்கின்ற, அல்லது அவ்வாறு எண்ணச் செய்யக்கூடிய நடத்தையில் ஈடுபடலாகாது என்கிறது. வாங்கியவர் உண்மையிலேயே ஏமாந்திருக்க வேண்டும் என்றுகூட அது கேட்பதில்லை. ஏமாற வாய்ப்பிருந்தாலே போதும். ஆகவே, பண்டிகைக்கு முன்னர் விலையை உயர்த்தி எழுதிவிட்டு, பிறகு பாதி விலைக்கழிவு என்று பலகை தொங்கவிடுவதும் இதற்குள் அடங்கும் என்பதே என் எண்ணம்.

இவ்வளவு வலுவான பிரிவு இருந்தும், அதைப் பயன்படுத்துவது எளிதல்ல. முறைப்பாட்டை அதிகாரசபைக்கு எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வணிகரின் கடமை என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கைப்பேசி இலக்கத்தைத் தவிர முகவரியே இல்லாதவரிடம், பொதியைக் கொண்டுவந்த பையனிடம் காசு கொடுத்து வாங்கியவர் யாரிடம் போய்க் கேட்பார்?

அதனால்தான், ஏமாந்தவர் வந்து முறையிடும்வரை காத்திராத விதிகளில் எனக்கு நம்பிக்கை அதிகம். 2016இல் இனிப்புப் பானங்களுக்கு நிறக் குறியீடு வந்ததே, அதைப் பாரும்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் போத்தலில் சிவப்பு இருக்க வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். முன்பக்கத்தில் எத்தனை பழங்களை வரைந்திருந்தாலும், கடையில் நிற்கும் பிள்ளைக்குக்கூட அந்தச் சிவப்பு தெரியும். நோய் தீர்ப்பதாகச் சொல்லும் விளம்பரங்களும் வெளிவருமுன்னரே இப்படி ஒரு கட்டுக்குள் வரவேண்டும்.

தங்கை வாங்கி இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். போத்தலையும் பெட்டியையும் எறிய வேண்டாம் என்று சொல்லும். விளம்பரத்தை அவர்கள் அழித்துவிடுமுன் திரையைப் படமெடுத்து வைக்கட்டும். பணம் அனுப்பிய சான்று ஏதுமிருந்தால் அதையும் சேர்த்து எனக்கு அனுப்பும். 1977 என்ற இலக்கத்தில் அதிகாரசபையோடு பேசிவிட்டு, முறைப்பாட்டை நானே எழுதி, அவரது கையொப்பத்துக்கு அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
இராசன்