வேலைப் பட்டியலை முன்பே தயாராக வையுங்கள்

ஆசிரியருக்கு,

வேலையில்லாத் திண்டாட்டம் தலைக்கு மேல் போன பிறகுதான் அரசுகள் பொதுப்பணித் திட்டங்களை அவசர அவசரமாக அறிவிக்கின்றன. அப்புறம் பார்த்தால் நிலம் கைக்கு வரவில்லை, வரைபடம் தயாராகவில்லை, ஒப்பந்தம் முடியவில்லை என்று ஒரு வருடம் ஓடிவிடுகிறது. அதற்குள் வேலை தேடியவர்கள் வேறு எங்கோ போய்விடுகிறார்கள். பணம் ஒதுக்குவது சுலபம். எடுத்த எடுப்பில் தொடங்கக்கூடிய வேலைகளின் பட்டியலை நல்ல காலத்திலேயே தயாரித்து வைப்பதுதான் கஷ்டம்.

உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த பெருமந்தக் காலத்தில் அமெரிக்கா 1935 முதல் 1943 வரை நடத்திய பொதுப்பணித் திட்டம் ஒன்றில் சுமார் 85 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். போர்த் தொழிற்சாலைகள் ஆட்களை இழுத்துக்கொண்டதும் அதை மூடிவிட்டார்கள். தென்னாப்பிரிக்கா 2004-இல் தொடங்கிய பொதுப்பணித் திட்டமோ ஐந்தைந்து ஆண்டுக் கட்டங்களாகத் தொடர்கிறது. எனக்கு இந்த வழிதான் சரியாகப் படுகிறது, கூலி குறைவு என்ற குறை அங்கே இருந்தாலும்.

இன்னொன்று, பராமரிப்பு. மண் சாலையின் ஓரக் கால்வாய் தூர்ந்தால் மழைநீர் சாலை மேலேயே ஓடி அரித்துவிடும். அதைத் தடுக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், மண்வெட்டியோடு நாலு பேர் போதும், அதுவும் வருடா வருடம். சரி, இதற்குத் திறப்பு விழா நடத்த முடியாதுதான்! ஆனாலும் புதிய சாலைக்கு நிதி ஒதுக்கும் அதே உத்தரவிலேயே பத்து வருடப் பராமரிப்புக் கூலியையும் சேர்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்