அந்தத் தீப்பெட்டி லேபிள்களையும் ஆவணக் காப்பகத்தில் சேருங்கள்

தேசிய செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் ஆவணக் காப்பகங்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு வணக்கம்.

நான் தீப்பெட்டி லேபிள் சேகரிப்பவன். உங்கள் சங்கங்களின் ஆண்டு விழா, ரத்ததானம், முதலுதவி இவற்றுக்கென்றே அச்சடித்த லேபிள்களுக்கு என் ஆல்பத்தில் தனிப் பக்கங்கள் உண்டு. இப்போதும் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய தாள், சிவப்பு மை அச்சில் கொஞ்சம் நகர்ந்துவிட்டதால் சிலுவையின் ஒரு கை வெள்ளைக் கட்டத்தைத் தாண்டி நிற்கிறது, திருப்பினால் காய்ந்த பசையும் பெட்டியின் மரநார் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யார் வரைந்தது, எந்த வருடம், எத்தனை அச்சானது? ஒன்றும் இல்லை.

1963இல் செஞ்சிலுவை இயக்கத்துக்கு நூறு வயது ஆனபோது பல நாடுகள் அஞ்சல்தலை வெளியிட்டன. அவற்றுக்கு வெளியான நாள் முதல் ஓரத்துத் துளை அளவு வரை பட்டியலில் இருக்கிறது. தீப்பெட்டிக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. ஆனால் அஞ்சல்தலை கடிதம் போடுகிறவர் கைக்குத்தான் போகும், தீப்பெட்டியோ அடுப்பு மூட்டுகிற எல்லார் கைக்கும் தினம் இரண்டு மூன்று முறை போய் ‘ரத்தம் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வரும். படிக்கத் தெரியாதவருக்கும் அந்தச் சிவப்புச் சின்னம் புரியும்.

அந்தச் சின்னத்தை வைத்துத்தான் உங்களிடம் கேட்கிறேன். 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை, 53ஆம் பிரிவில், அனுமதி இல்லாத எந்த நிறுவனமும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அப்படியென்றால் சங்கத்தின் விழாவுக்காக வந்த லேபிளுக்குப் பின்னால் ஒரு அனுமதிக் கடிதமோ, தொழிற்சாலை திருத்தத்துக்கு அனுப்பிய மாதிரித் தாளோ உங்கள் பழைய கோப்புகளில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தயவுசெய்து தேடிப் பாருங்கள். ‘விளம்பரம், இதர செலவு’ என்று எழுதிய கட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

லேபிள் கிடைத்தால் பெட்டியிலிருந்து உரிக்க வேண்டாம். தண்ணீரில் ஊறவைத்தால் சில சிவப்பு மைகள் கரைந்து வெள்ளையில் பரவிவிடும், அப்புறம் சரிசெய்யவே முடியாது. பெட்டியோடு ஸ்கேன் எடுங்கள், பக்கவாட்டில் தொழிற்சாலைப் பெயர் இருந்தால் அதையும் சேர்த்து எடுத்து எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். என்னிடம் இருப்பவற்றின் இரண்டு பக்கங்களையும் ஸ்கேன் எடுத்துத் தருகிறேன், காசு எதுவும் வேண்டாம், அவற்றுக்கு ஒரு வருடமும் வரைந்தவர் பெயரும் கிடைத்தால் போதும்.