மில்லுக்குள் ஒரு வீடு: அக்காவுக்கு

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். போன வியாழக்கிழமை நோட்டரி முன்னால் உட்கார்ந்து, அவர் பத்திரத்தை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசித்து முடித்த பிறகு போட்டேன். நீ வேண்டாம் என்று சொன்ன அதே கட்டடம்தான். பழைய நூற்பாலை, இரண்டாவது மாடி.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "சரி கண்ணு" என்று வைத்துவிடுவாய். அந்த "சரி"யைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. இங்கே எழுதினால் நீ முழுக்கப் படித்தாக வேண்டும்.

பொதுவில் எழுதுவது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். உன் பெயர், நம் ஊர், அந்த மில்லின் பெயர் எதுவும் இதில் வராது. என் பெயரும் இந்தப் பக்கத்தில் இல்லை. போலந்தில் இருக்கிற ஜிரார்துஃப் என்ற ஊர்ப் பெயரை மட்டும் மறைக்க முடியவில்லை. அதையும் மறைத்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. இந்த ஊரில் இருக்கிற தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதும் உண்மைதான். யாராவது எண்ணிக் கண்டுபிடித்தால் பிடிக்கட்டும்.

தலைநகர் வார்சாவிலிருந்து எவ்வளவு தூரம், ரயில் எப்படி, குளிர் எப்படி என்பதெல்லாம் நீயே வந்து பார்த்தாய். வார்சாவில் இந்தக் காசுக்கு ஒரு சின்ன அறைதான் கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டியதும் நினைவிருக்கும். மச்சானிடம் அதையே காரணமாகச் சொல். உன்னிடம் அது எடுபடவில்லை. "மில்லுக்குள்ளயே படுத்துத் தூங்கோணும்னு உனக்கென்ன தலைவிதி" என்றாய். அதற்கு அன்றைக்குப் பதில் சொல்லாமல் விட்டேன். சொல்ல விடாதபடி அதற்கு முன்னால் அந்த அருங்காட்சியகத்தில் ஒன்று நடந்துவிட்டது.

லினன், அதாவது ஆளிச் செடியின் நாரில் நெய்யும் துணி, அதற்கான அருங்காட்சியகம். எந்திரங்களைக் காட்டிய அம்மாள் இந்த மில்லிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நூல் சுற்றும் எந்திரத்தை ஓட விட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் இழை அறுந்தது. அவர் காட்டுவதற்காகவே அறுத்தாரோ என்னவோ, தெரியாது. அவர் கை நீட்டுவதற்குள் உன் கை போய்விட்டது. இரண்டு நுனியையும் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஏதோ செய்து, முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு கையை எடுத்துவிட்டாய். நான் பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு வேகம். அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. உன் கையைப் பிடித்துத் திருப்பி, ஆள்காட்டி விரலின் ஓரத்தைத் தன் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் விரலை உன்னிடம் நீட்டினார்.

பாப்பா கேட்டாள்: "அம்மா, இது உனக்கு எப்படித் தெரியும்?"

"டீவில பாத்தேன்" என்றாய்.

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாய். மழையில் நின்றாய். உள்ளே தூசி என்றாய். அந்த மில் நின்று வருடக்கணக்காகிறது அக்கா, அங்கே தூசியே இல்லை.

நீ வெளியே நின்ற அந்த அரை மணி நேரத்தில் எனக்கும் பாப்பாவுக்கும் சொல்லப்பட்ட கதைதான் இது. உனக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது.

ஊருக்குப் பெயர் தந்த பிலிப் தெ ஜிரார் பிரெஞ்சுக்காரர். இங்கிலாந்தின் பருத்தித் துணியை ஐரோப்பாவை விட்டு விரட்ட நினைத்த நெப்போலியன், ஆளி நாரை எந்திரத்தில் நூற்றுக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் ஃபிராங்க் பரிசு என்று 1810இல் அறிவித்தார். ஆளி நாரில் ஒரு பசை உண்டு. அது இளகாமல் இழையை மெலிதாக இழுக்க வராது. நாரை வெந்நீரில் நனைத்து இழுத்தால் வரும் என்பதுதான் ஜிராரின் கண்டுபிடிப்பு. செய்து காட்டினார், ஆனால் நெப்போலியன் கவிழ்ந்தார், பரிசு வரவில்லை, கடன் மட்டும் மிஞ்சியது. அலைந்து திரிந்து, அப்போது ரஷ்ய ஜாரின் கீழிருந்த போலந்துக்கு வந்து சேர்ந்தார். 1829இல் வார்சாவை ஒட்டிய மரிமோன்ட்டில் தொடங்கிய ஆலை, சில வருடங்களில் ருதா குசோவ்ஸ்கா என்ற கிராமத்துக்கு மாறியது. அந்தக் கிராமம்தான் இந்த ஊர். இங்கே முதலில் வந்தது மில், அதைச் சுற்றி வளர்ந்ததுதான் ஊர்.

அந்த வெந்நீர்த் தொட்டியை வாசல் பக்கத்திலேயே பார்த்தாயே. கதை எதுவும் தெரியாமலே, "அப்ப இவளுக காலெல்லாம் ஈரத்துலயே நின்னிருக்கும்" என்றாய். அதை நான் போலிஷில் சொன்னதும் அந்த அம்மாள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ஜிராரைப் பற்றிப் படித்த நாளிலிருந்து வெந்நீர் எவ்வளவு புத்திசாலித்தனம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தரையை நான் நினைத்ததே இல்லை.

1857இல் ஆலை ஹீலே, டிட்ரிக் என்ற இரண்டு பேர் கைக்கு வந்தது. பொஹீமியாவிலிருந்து வந்த ஜெர்மன்காரர்கள். நீ ரசித்துப் பார்த்த சிவப்புச் செங்கல் வீடுகள், மரங்கள் நிறைந்த பூங்கா எல்லாம் டிட்ரிக் குடும்பத்தின் காலம். ஒரு பக்கம் ஆலை, எதிர்ப் பக்கம் தொழிலாளர் வீடுகள். குழந்தைகளை விட்டுப் போக ஒரு காப்பகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, குளியல் கூடம், துணி வெளுக்கத் தனிக் கட்டடம். போலிஷ்காரர், ஜெர்மன்காரர், செக் இனத்தார், யூதர் எல்லோரும் ஒரே சங்குக்கு எழுந்தார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய லினன் ஆலைகளில் ஒன்று என்ற பெயர் வந்தது. இன்றைக்கு அந்தக் குடியிருப்பு முழுவதும் போலந்தின் வரலாற்றுச் சின்னம். கட்டடக் கலை படிக்கிறவர்கள் வந்து படமெடுத்துப் போகிறார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நீ மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டே, "ஊடும் அவனுது, வேலையும் அவனுது, கொழந்தையும் அவன் கட்டடத்துல. கோவிச்சுக்கிட்டு எங்க போய் நிப்பா?" என்றாய். உன் மில் ஹாஸ்டலைப் பற்றி நீ என்னிடம் பேசிய ஒரே தடவை அதுதான் என்று நினைக்கிறேன். ஹாஸ்டல் என்ற சொல்கூட அதில் வரவில்லை.

கோபித்துக்கொண்டார்கள் அக்கா. நீ கேட்டிருக்க வேண்டியது அதுதான்.

1883 ஏப்ரலில் நூல் சுற்றும் பெண்களின் கூலியைக் குறைத்தார்கள். கண்டில் நூல் சுற்றுகிறவர்கள், நீ பார்த்த அதே வேலை. ஆலையில் மிகக் கீழே இருந்தவர்கள், பலர் சின்னப் பெண்கள். அவர்கள் எந்திரத்தை விட்டு எழுந்தார்கள். சங்கம் கிடையாது, கட்சி கிடையாது. பின்னால் மற்ற பிரிவுகளும் நின்று, ஆயிரக்கணக்கானவர்களின் வேலைநிறுத்தமாக மாறியது. சிப்பாய்கள் வந்தார்கள், சுட்டார்கள், 3 பேர் செத்தார்கள். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் கூலிக் குறைப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. போலந்து மண்ணில் நடந்த முதல் பெரும் வேலைநிறுத்தம் என்று வரலாற்றில் எழுதுகிறார்கள், அதை நூல் சுற்றும் பெண்களின் பெயரிலேயே சொல்கிறார்கள். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரிகிற கதை அது.

நம் வீட்டில் நீ எந்திரத்தில் நின்ற வருடங்களுக்குப் பெயரே இல்லை. "அக்கா பெரியம்மா வீட்டுல இருந்தப்போ" என்பார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். ஹாஸ்டலை விட்டு வரும்போது மொத்தமாகக் கொடுத்த தொகை எதற்கென்று சொல்லி உன்னை அனுப்பினார்கள், எதற்குப் போனது என்று உனக்கும் எனக்கும் தெரியும். இங்கே எழுத வேண்டாம். முதல் செமஸ்டர் ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மன்னித்துக்கொள் என்று இந்த இடத்தில் எழுதி, அழித்தேன். எதற்கு மன்னிப்பு? எனக்குப் பதினேழு வயது, யாரும் என்னைக் கேட்டு முடிவு செய்யவில்லை. படித்தேன், வேலை வாங்கினேன், அனுப்ப வேண்டியதை அனுப்பினேன். நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு திருப்பிக் கொடு என்று சண்டை போட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கணக்கு முடிந்திருக்கும். நீ கேட்கவே இல்லை. கேட்காமலே, நான் எந்த ஊரில் வீடு வாங்கினாலும் அதன் வாசலில் வந்து நிற்கிறாய். வார்சாவில் வாங்கினால் "எதுக்குக் கண்ணு அவ்ளோ காசு", இங்கே வாங்கினால் தலைவிதி.

கோபத்தில் எழுதிவிட்டேன். இருக்கட்டும், அழிக்கவில்லை.

இந்த ஊருக்கும் பிறகு நல்ல காலம் அதிகம் இல்லை. 1915இல் பின்வாங்கிய ரஷ்யப் படை ஆலையை வெடிவைத்துத் தகர்த்தது. அடுத்து பூஸாக் என்ற பிரெஞ்சு முதலாளி. ஆட்குறைப்பு, சுரண்டல் என்று நாடே பேசியது. 1932இல் வேலை இழந்த ஒருவர் அந்த நிர்வாகத்தின் இயக்குநரை வார்சாவில் சுட்டுக் கொன்றார். கொன்றவர் மேல்தான் பலருக்கு இரக்கம் வந்ததாம். 1941இல் ஜெர்மானியர்கள் இங்கிருந்த யூதர்களை வார்சா கெட்டோவுக்கு, யூதர்களை அடைத்து வைத்த பகுதிக்கு, விரட்டினார்கள். அடுத்த வருடம் கெட்டோவிலிருந்து திரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்கள் போயின. நான் தினமும் வேலைக்குப் போகிற திசையில்தான் அவர்களைக் கொண்டுபோனார்கள் என்ற நினைப்பு சில நாள் காலையில் வரும், எல்லா நாளும் வராது. போருக்குப் பிறகு ஆலை அரசுடையது. 1981 அக்டோபரில் கடைகளில் சாப்பாட்டுப் பொருள் இல்லை என்று இந்த ஆலைப் பெண்கள் மறுபடி எந்திரத்தை நிறுத்தினார்கள். நமக்கு எந்திரம் காட்டிய அந்த அம்மாளும் அதில் இருந்தவர். என்ன கிடைத்தது என்று கேட்டேன், சிரித்தார். இரண்டு மாதத்தில் நாட்டில் ராணுவச் சட்டம் வந்துவிட்டது. 1990களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. நூற்பாலையை வீடுகளாகப் பிரித்தார்கள். வார்சாவில் வேலை பார்க்கிற என்னைப் போன்றவர்கள் வாங்குகிறோம். ஊர்க்காரர்களில் எத்தனை பேரால் வாங்க முடியும் என்று நீ கேட்பாய். அதிகம் பேரால் முடியாது. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆனால் மில்லுக்குள் ஏன் படுக்க வேண்டும் என்றாயே, அதற்கு இருக்கிறது. வீட்டின் நடுவில் ஒரு வார்ப்பிரும்புத் தூண் நிற்கிறது. நீ அதன் மேல் கை வைத்து, "இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, நடுவுல நடக்கிற எடம்" என்று காட்டினாய். வீட்டை விற்பவருக்கே தெரியாத விஷயம். எனக்கு இந்த வீடு பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான். நீ வேண்டாம் என்று சொன்னதும் அதே நிமிடத்தில்தான். நூல் சுற்றிய பெண்களை ஊரே வெளிப்படையாகச் சொல்கிற ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உனக்கு அது வலிக்கும் என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

பாப்பா போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "மாமா, அம்மா மில்லுல வேலை செஞ்சாங்களா?" அவளுக்குப் பதினைந்து வயது, டீவி கதையை அன்றைக்கே நம்பவில்லை. இதை அவள் படிக்க மாட்டாள். நீ சேர்த்த பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டவே வராது, அந்த வகையில் நாம் தப்பித்தோம். பதில் போடாமல் வைத்திருக்கிறேன். அவள் பார்த்துக்கொண்டேதான் இருப்பாள், நான் படித்துவிட்டேன் என்று இரண்டு நீலக் குறி விழுந்திருக்கும்.

நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா? டீவியில் பார்த்தாள் என்று என்னால் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். மச்சான் கடைக்குக் கிளம்பின பிறகு எடு. இந்தத் தடவை "சரி கண்ணு" வேண்டாம். திட்டுவதென்றால் திட்டு.

தம்பி