14-ம் வசனம் வரை வாசியுங்கள்

அன்புள்ள போதகர் ஐயாவுக்கும் சபைக் கமிட்டிப் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு, உள்ளதே போதும் என்கிற மனரம்மியத்தைப் பற்றிய பிரசங்கம் முடிந்ததும் சபைச் சந்தா பாக்கிப் பட்டியலை வாசித்தீர்கள். எங்கள் வீட்டுப் பெயர் மூன்றாவது. பக்கத்தில் இருந்த என் மாமியாருக்குக் காது மந்தம். "நம்ம பேரையா சொன்னாங்க?" என்று கேட்டார். "இல்லத்தே" என்று ஆலயத்துக்குள்ளேயே பொய் சொன்னேன். தயவுசெய்து அந்தப் பட்டியலை ஆலயத்தில் வாசிப்பதை நிறுத்துங்கள்.

எங்களுக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். அறுத்த சம்பா நெல் கொள்முதல் நிலைய வாசலில் 11 நாள் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல், எடுக்க முடியாது என்றார்கள். அப்புறம் மழை. தார்ப்பாயைத் தூக்கிக் குவியலுக்குள் கையை விட்டேன், சோற்றுப் பானையைத் தொட்டதுபோல் சூடு. அள்ளிப் பார்த்தால் மணிக்கு மணி வெள்ளையாக முளை. குத்தகை நிலம், சிட்டா எங்கள் பேரில் இல்லை. நிவாரணம் வந்தாலும் நிலக்காரர் கணக்குக்குத்தான் போகும். நகைக்கடன் மட்டும் என் பேரில்.

அன்றைக்கும் வீட்டில் ஜெபம் நிற்கவில்லை. வயல் விளையாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று ஆபகூக் தீர்க்கதரிசி சொன்னதை மாமியார் மனப்பாடமாகச் சொன்னார். நானும் கூடவே சொன்னேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். எப்படி என்று கேட்டால், கிருபை என்றுதான் சொல்வேன். அந்த மனரம்மியம் இல்லாவிட்டால் இந்த வருஷத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்.

ஆனால் ஐயா, அந்தப் பிரசங்கத்தில் பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தை நீங்கள் 11-ம் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள். எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று பவுல் காவலில் இருந்துகொண்டு தன்னைப் பற்றி எழுதினார். வெளியே இருந்த பிலிப்பி சபையார் அவருக்கு அதைப் போதிக்கவில்லை. தங்கள் ஆளான எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி கொடுத்தனுப்பினார்கள். என் உபத்திரவத்தில் பங்குபெற்றீர்களே, நல்லது என்று 14-ம் வசனத்தில் சொல்கிறார். 1715-ல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்ததிலிருந்து இந்தப் பக்கத்துச் சனங்கள் வாசிக்கிற அதிகாரம் இது. 14-ஐயும் சேர்த்து வாசியுங்கள்.

2018-ல் கஜா புயல் அடித்தபோது ஆலயத்தைத் திறந்துவிட்டு மூன்று நாள் கஞ்சி காய்ச்சி ஊற்றியது இதே சபைதானே? அடுப்படியில் நானும் நின்றேன். வந்தவர்களிடம் சந்தா கட்டியாயிற்றா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாமியாருக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. முதியோர் உதவித்தொகையில் முந்தானையில் முடிந்து வைத்திருந்த 200 ரூபாயை என்னிடம் நீட்டி, "கல்லறைத் தோட்டத்துல எடமில்லன்னு சொல்லிடப் போறாங்க, கட்டிடும்மா" என்றார். அந்தப் பணம் வேதாகமத்துக்குள் அப்படியே இருக்கிறது.

அடுத்த அறுப்பில் பாக்கியைக் கட்டிவிடுவோம். அதுவரை எங்கள் பெயரை மட்டுமல்ல, யார் பெயரையும் வாசிக்க வேண்டாம் என்று தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். ஐயா, ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். மாமியாருக்குத்தான் காது மந்தம். கிட்ட உட்கார்ந்து, இடம் உண்டு என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினள் ஒருத்தி