வளர்ந்த உயிர்வேலித் தட்டிகள்: வாங்குவோர் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். தோட்ட எல்லையில், கம்பிவலைமீது முன்பே படர வளர்க்கப்பட்ட உயிர்வேலித் தட்டிகளை வைக்க விரும்புவோர், இலையடர்த்தியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அது ஆண்டு முழுவதும் பசுமை மாறாத இனமா, அவ்விடத்து வெயிலையோ நிழலையோ தாங்குமா, வேர்கள் மண்ணை இறுகப் பற்றியுள்ளனவா என்பதையும் கவனித்து வாங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இலைச்சுவர் பாய்மரம்போல் காற்றை வாங்கிக்கொள்ளும் என்பதால், தாங்கு தூண்களை முதலில் ஆழமாக ஊன்ற வேண்டும். பலர் சிக்கனம் பார்ப்பது இதில்தான். பள்ளத்தில் இறக்குமுன் வேர்க்கட்டியை நன்கு நனைத்து, அதன் மேற்பரப்பு நிலமட்டத்துக்குச் சமமாக அமையுமாறு வைத்து, மண்ணை அழுத்தி மூடவும். மதிலை ஒட்டிய மண்ணில் மழைநீர் போதிய அளவு சேராது. ஆகவே முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு, குறிப்பாக வறண்ட மாதங்களில், நீர் பாய்ச்சத் தவற வேண்டாம். கொடிகள் அண்டை வீட்டாரின் பக்கம் நீளாதபடி ஆண்டுக்கு ஒருமுறையேனும் கத்தரிக்க வேண்டியிருக்கும்.